டிக்கி விளிம்பில் சிறிய ஸ்பாய்லர்: அறிகுறியைக் கொண்டு கோளாறைக் கண்டறியும் வழிமுறை

இரண்டு கதவுள்ள ஸ்போர்ட்ஸ் காரின் டிக்கி விளிம்பில் மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர் உயரமுள்ள சிறிய ஸ்பாய்லர் (காற்றோட்டத்தைப் பிரித்துவிடும் பட்டை) ஒன்றைப் பொருத்துவது பார்வைக்கு அரை நாள் வேலை. பொருத்திய அன்று எல்லாம் சரியாகவே இருக்கும். கோளாறுகள் பங்குனி வெயிலிலும் இடவப்பாதி மழையிலும் ஆடிக்காற்றிலும்தான் ஒவ்வொன்றாக வெளிப்படும். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், அதாவது வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் என்று எல்லையை ஒட்டி வாழும் நமக்கு இந்த மூன்றும் ஒரே ஆண்டில் குறைவில்லாமல் கிடைக்கின்றன. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். கறுப்பு நிறக் காரின் டிக்கித் தகடு வெயிலில் நின்றால் 70 டிகிரியைத் தாண்டும். ஜூன் பிறந்ததும் மழையும் மேலைக்காற்றும் சேர்ந்து வரும். ஆகவே வேறு ஊர்களில் எழுதப்பட்ட பொருத்தும் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இங்கே போதாது.

என் பட்டறைக்கு ஸ்பாய்லர் குறையோடு வரும் கார்களில் பல, ஏற்கெனவே ஒருமுறை யாரோ கைவைத்தவை. பெயர்ந்த நுனியில் ஃபெவிக்விக் ஊற்றியிருப்பார்கள். ஒழுகும் துளையைச் சுற்றிச் சிலிக்கானை அப்பியிருப்பார்கள். விசில் சத்தம் கேட்கிறது என்று போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முறுக்கி, டிக்கித் தகட்டில் குழி விழச் செய்திருப்பார்கள். இவற்றால் கோளாறு நீங்குவதில்லை, அதன் தடயம்தான் அழிகிறது. ஸ்பாய்லரில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி ஒரே இடத்தில் பிறக்கிறது: ஸ்பாய்லரின் அடிப்பரப்பு டிக்கியின் மேற்பரப்பில் எவ்வளவு ஒழுங்காகப் படிகிறது என்பதில். எந்த அறிகுறியானாலும், பசையையோ ஸ்பேனரையோ கையில் எடுக்கும் முன் அந்த இடைவெளியை அளந்து பாருங்கள் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

அளப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பழைய விசிட்டிங் கார்டு ஒன்று, பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண் கொஞ்சம், மாஸ்கிங் டேப், டார்ச் லைட் ஆகியவை போதும். ஸ்பாய்லரை ஒட்டாமல் டிக்கி மீது வைத்து, நடுக்கோட்டைப் பொருத்தி, விளிம்பைச் சுற்றிலும் கார்டைச் செருகிப் பாருங்கள். கார்டு தடையின்றி உள்ளே போகும் இடங்களை மாஸ்கிங் டேப்பில் குறித்துக்கொண்டு, அங்கே பட்டாணி அளவு களிமண்ணை வைத்து ஸ்பாய்லரை லேசாக அழுத்தி எடுங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் அந்த இடத்து இடைவெளி. அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அந்த ஸ்பாய்லர் இந்த டிக்கிக்குச் செய்யப்பட்டதன்று, அல்லது வழியில் முறுகிவிட்டது. விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதே அப்போது சிறந்த வழி.

நுனி பெயர்ந்து நிற்கிறது

காற்றுதான் பெயர்த்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிப் பழகிய ஊரில் அந்த எண்ணம் இன்னும் விரைவாக வரும். கணக்கோ வேறாக இருக்கிறது. 120 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் உயரமும் உள்ள விளிம்பு, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை நேரே எதிர்கொண்டால், அதன் மேல் விழும் விசை சுமார் 22 நியூட்டன். இரண்டேகால் கிலோ எடைக்கு ஒப்பானது. வேகம் பாதியானால் விசை கால்பங்காகும் என்பதால் 50 கிலோமீட்டர் வேகத்தில் அது அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். அந்த விசையும் ஸ்பாய்லரைப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் தள்ளுகிறதே ஒழிய மேலே தூக்குவதில்லை. ஸ்பாய்லரை ஒட்டப் பயன்படும், இருபக்கமும் பசையுள்ள அக்ரிலிக் நுரை டேப்பை ஒழுங்காக ஒட்டியிருந்தால் அதற்கு இது பொருட்டே அல்ல.

நுனியைத் தூக்குவது பெரும்பாலும் ஸ்பாய்லரின் சொந்த விறைப்புதான். டிக்கியின் வளைவைவிட ஸ்பாய்லர் தட்டையாக இருந்தால் இரு நுனிகளும் எழும். மிகுதியாக வளைந்திருந்தால் நடுப்பகுதி எழும். அழுத்திப் பிடித்து ஒட்டும்போது வசப்பட்டதுபோல் தெரியும் அந்த வளைவு, இரவும் பகலும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கும். வெயிலில் டேப் இளகும் நேரத்தில் அந்த இழுப்பு மேலோங்கிவிடும்.

பெயர்ந்த நுனியை மட்டும் மறுபடி ஒட்ட முயலாமல் ஸ்பாய்லரை முழுவதுமாகக் கழற்றுங்கள். ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூடு வரும்வரை ஓரத்தைச் சூடாக்கி, தூண்டில் நரம்பை இடைவெளியில் நுழைத்து, இரு கைகளாலும் ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுத்தால் நுரை மட்டும் அறுபடும். பெயிண்டுக்குச் சேதம் வராது. நரம்பு பெயிண்டில் உரசாமல் இருக்க, டிக்கியின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டிக்கொள்ள வேண்டும். பெயர்ந்திருந்த பகுதியில் நரம்பைச் செலுத்தும் முன், அங்கே உள்ள டேப்பை டார்ச் வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள். கோளாறின் முழு வரலாறும் அங்கே இருக்கிறது.

டேப்பின் பசை டிக்கிப் பக்கத்திலிருந்து சுத்தமாக விட்டு, முழுவதும் ஸ்பாய்லரோடு போயிருந்தால், டிக்கியின் பெயிண்ட் சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை. மெழுகுப் பாலிஷும் செராமிக் கோட்டிங்கும்தான் வழக்கமான காரணங்கள். செராமிக் கோட்டிங் எதையும் ஒட்டவிடாமல் இருப்பதற்காகவே பூசப்படுவது. அதன் மேல் எந்த டேப்பும் நிலைக்காது. டேப் வரும் பட்டையளவுக்கு மட்டும் காம்பவுண்ட் (பெயிண்டைத் தேய்க்கும் குழம்பு) போட்டு அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். போதுமான அளவு எடுபட்டதா என்பதைத் தண்ணீரே சொல்லும்: தெளித்த தண்ணீர் முத்து முத்தாக நின்றால் இன்னும் கோட்டிங் இருக்கிறது, மெல்லிய படலமாகப் பரவினால் பரப்பு தயாராகிவிட்டது.

பசை ஸ்பாய்லர் பக்கத்திலிருந்து விட்டு, டிக்கியோடு தங்கியிருந்தால் குறை ஸ்பாய்லரிடம் இருக்கிறது. ஃபைபர் ஸ்பாய்லரை அச்சிலிருந்து எளிதில் எடுப்பதற்காக அச்சில் பூசும் மெழுகு அதன் அடிப்பரப்பிலேயே தங்கிவிடுவதுண்டு. பெயிண்டர் மேல்பக்கத்தை மட்டும் தேய்த்துக் கழுவிப் பெயிண்ட் அடித்திருப்பார். அடிப்பக்கத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். 320 எண் எமரித் தாளால் மெல்லத் தேய்த்து, துடைத்து, டேப் நிறுவனமே விற்கும் ஒட்டு பிரைமரை மெல்லியதாகத் தடவுவது இதற்கு மருந்து. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கானாலும் இந்த பிரைமரைத் தவிர்க்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் பசை உறுதியாக நிற்க, நடுவிலுள்ள நுரையே பஞ்சுபோல் கிழிந்திருந்தால், ஒட்டியவர் தன் வேலையை நன்றாகவே செய்திருக்கிறார். டேப்பால் தாங்க முடியாத இழுப்பு எங்கிருந்தோ வந்திருக்கிறது. மேலே சொன்ன வளைவு வேறுபாடு ஒரு காரணம். மற்றொன்று வெப்பத்தால் வரும் நீட்சி. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் இரும்புத் தகட்டைவிட ஏழு மடங்கு அளவுக்கு நீளக்கூடியது. காலையில் 28 டிகிரியில் இருந்த 120 சென்டிமீட்டர் ஸ்பாய்லர் மதியம் 68 டிகிரிக்குப் போனால், அடியிலுள்ள தகட்டைவிட அது ஏறத்தாழ மூன்றேகால் மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். நடுவிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு நுனியும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நகரும். நுரை டேப் தன் தடிமனைப் போல மூன்று மடங்கு வரையிலான பக்கவாட்டு நகர்வைப் பொறுத்துக்கொள்ளும். எனவே 1.1 மில்லிமீட்டர் டேப்புக்கு இது எளிது. கடையில் மலிவாகக் கிடைக்கும் அரை மில்லிமீட்டர் டேப்புக்கு இது எல்லையைத் தொட்டுத் தாண்டும் பாரம். தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், வாங்கும்போது உறையில் அச்சிட்டுள்ள தடிமனைப் படியுங்கள்.

மேலே பசை ஓரமாகவும் கீழே புழுதி படிந்த கோடாகவும் இரண்டு நிறத்தில் தெரியும் டேப்பும் உண்டு. புழுதிக்கோடு படிந்த அளவுக்கு அது முதல் நாளிலிருந்தே ஒட்டவில்லை என்று பொருள். அங்கே அழுத்தம் விழவில்லை; களிமண் சோதனைக்குத் திரும்புங்கள்.

மறுபடி ஒட்டும்போது பழைய டேப்பின் எச்சத்தை ரப்பர் சக்கரத்தால் உருட்டி எடுத்தபின், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து, ஒரு துணியால் நனைத்துத் துடைத்து, உலரும் முன் இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். தின்னர் பெயிண்டைத் தின்னும், பெட்ரோல் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். தகட்டின் வெப்பம் 21 முதல் 38 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் இந்த டேப் நன்றாகப் பிடிக்கும். நம் பக்கத்தில் கோடையில் அது காலை எட்டு மணிக்கு முந்தைய நேரம், அதுவும் கூரைக்கு அடியில். மழைக்காலத்திலோ எதிர்மாறான இடர்: குளிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்திருக்கும். ஹேர் டிரையரால் தகட்டைச் சூடாக்கி உலர்த்தியபின்தான் டேப் அதைத் தொட வேண்டும். நிலையாகத் தாங்க வேண்டிய எடைக்குக் கிலோவுக்கு 55 சதுர சென்டிமீட்டர் டேப் என்பது நம்பத்தகுந்த கணக்கு. ஒரு கிலோ ஸ்பாய்லருக்கு 12 மில்லிமீட்டர் அகல டேப்பை முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் இரண்டு வரியாக ஒட்டினால் தேவையைப்போல் ஐந்து மடங்கு கிடைத்துவிடும். அதற்கு மேல் நடுவில் பசையை நிரப்புவது வீண்.

இந்த டேப் அழுத்தத்தால் ஒட்டுவது. கை கட்டைவிரலால் நடுவிலிருந்து நுனி நோக்கி, உடலின் எடை இறங்கும் அளவுக்கு அழுத்திச் செல்லுங்கள். இருபது நிமிடத்தில் பாதிப் பிடிப்பும், ஒரு நாளில் பத்தில் ஒன்பது பங்கும், மூன்று நாளில் முழுப் பிடிப்பும் வரும். அந்த மூன்று நாளும் காரைக் கழுவவோ மழையில் நிறுத்தவோ கூடாது. வாடிக்கையாளர்கள் மிகவும் சங்கடப்படும் நிபந்தனை இதுதான். மாலையில் வண்டி கைக்கு வந்ததும் ஒரு ரவுண்டு போக யாருக்குத்தான் மனம் வராது? நான் இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

வேகம் கூடினால் விசில் அல்லது ரீங்காரம் கேட்கிறது

சத்தம் ஸ்பாய்லரிலிருந்துதான் வருகிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். முன் ஓரத்தின் முழு நீளத்தையும் டிக்கியோடு சேர்த்து மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் மாறவில்லையென்றால் கதவுக் கண்ணாடியின் ரப்பரையோ கூரை விளிம்பையோ பாருங்கள். ஸ்பாய்லருக்கு அதில் பங்கில்லை. சத்தம் நின்றுவிட்டால் மாஸ்கிங் டேப்பை ஒரு பக்கத்திலிருந்து ஒரு சாண் அளவாகக் கிழித்துக்கொண்டே போய்ச் சோதிக்க வேண்டும். எந்தச் சாணில் சத்தம் திரும்புகிறதோ அங்கேதான் இடைவெளி.

கணவாய்ப் பகுதியில் இந்தச் சோதனைக்கு விடியற்காலை மட்டுமே ஏற்ற நேரம். வெயில் ஏறியபின் மேலைக்காற்று வலுத்து, வாளையாறிலிருந்து கஞ்சிக்கோடு நோக்கிப் போகும்போது எதிர்க்காற்றாகவும் திரும்பும்போது பின்காற்றாகவும் அமைந்துவிடும். வேகமுள் 80 காட்டினாலும் காரின் மேல் படும் காற்றின் வேகம் இரு திசையிலும் மிகவும் வேறுபடும். போகும்போது கேட்ட சத்தம் வரும்போது கேட்கவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால், கண்ணாடி ஒட்டுபவர்கள் பயன்படுத்தும் மெல்லிய ரப்பர் பட்டியை முன் ஓரத்தின் அடியில் வைத்து மறுபடி பொருத்தினால் போதும். உள்ளே குழியான, ஊதி வார்த்த ஸ்பாய்லர்களில் மட்டும் இன்னொரு காரணம் உண்டு: அடிப்பக்கத்து வடிகால் துளை காற்றோட்டத்தின் நேர்வழியில் அமைந்தால் புல்லாங்குழலின் துளைபோல் ஒலிக்கும். அதை அடைத்துவிடலாம் என்று தோன்றும். அடைத்தால் உள்ளே புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றித் தங்கும். துளையை மூடாமல், அதன் மேல் ஒரு துண்டு நுரைப்பஞ்சை ஒட்டுங்கள். காற்றின் ஒலி அடங்கும், தண்ணீர் கசிந்து போகும்.

டிக்கிக்குள் தண்ணீர், துளையைச் சுற்றித் துரு

டேப்பில் ஒட்டிய ஸ்பாய்லரால் டிக்கிக்குள் தண்ணீர் வர வழியே இல்லை. அப்படிப்பட்ட காரில் தண்ணீர் தேங்கினால் டிக்கியின் ரப்பர் பீடிங்கையும் டெயில் லேம்ப்பின் கேஸ்கட்டையும் பார்த்துவிட்டு, இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லுங்கள். துளையிட்டு போல்ட் போட்ட ஸ்பாய்லருக்குத்தான் கீழே வருவன பொருந்தும்.

டிக்கியின் உட்பக்க அட்டையைக் கழற்றி, ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் சாக்பீஸ் பொடியைத் தூவி, வெளியிலிருந்து ஒருவர் ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட, உள்ளிருந்து ஒருவர் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியில் முதலில் கறுக்கும் கோடு எந்தத் துளையிலிருந்து புறப்படுகிறதோ அதுதான் ஒழுகும் துளை. ஹோஸை முழு வேகத்தில் பீய்ச்சினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, சோதனை பயனற்றதாகிவிடும்.

ஒழுகும் துளைக்குக் காரணம் பெரும்பாலும் கேஸ்கட் இல்லாமை அல்லது அளவுக்கு மீறிய முறுக்கு. 6 எம்.எம். போல்ட்டை விரலால் முறுக்கி, ரப்பர் வாஷர் சற்றே பிதுங்கும்வரை ஸ்பேனரால் கால் சுற்று கூட்டினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் தகடு உள்வாங்கி, ஸ்பாய்லரைச் சுற்றிக் கிண்ணம்போன்ற பள்ளம் உண்டாகும். தண்ணீர் அந்தப் பள்ளத்தில் நின்று நிதானமாக உள்ளே இறங்கும். உட்பக்கத்தில் பெரிய வட்டமான இரும்பு வாஷர் இருந்தால் பாரம் பரவலாக விழும்.

சீலன்ட் தேர்வில் கவனம் தேவை. பூசும்போது வினிகர்போல் காரமாக வாசம் வரும் சிலிக்கான் காயும் சமயத்தில் அசெட்டிக் அமிலத்தை வெளியிடும்; அது வெட்டுப்பட்ட இரும்பு விளிம்பில் துருவை வளர்க்கும். ஹார்டுவேர் கடையில் பாத்ரூமுக்கென்று விற்கும் மலிவான டியூப்களில் பல இந்த வகையே. கார் கண்ணாடிக்குப் பயன்படும் பாலியூரிதேன் சீலன்ட்டையோ, அமிலமற்றது என்று உறையில் குறிப்பிட்ட சிலிக்கானையோ கேட்டு வாங்குங்கள்.

துளையைச் சுற்றிப் பெயிண்ட் குமிழியாக எழுந்திருந்தால் துரு அடியில் ஏற்கெனவே பரவியிருக்கிறது. போல்ட்டை எடுத்து, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமரைத் துளையின் உள்விளிம்பு முழுவதும் படும்படி மெல்லிய பிரஷால் பூசி, காயவிட்டு, டச்சப் பெயிண்ட் அடித்தபின் கேஸ்கட்டோடு பொருத்துங்கள். அலுமினிய டிக்கி உள்ள கார்களில் துரு சிவப்பாகத் தெரியாது. வெள்ளைப் பொடியாக உதிரும். அத்தகைய டிக்கியில் கார்பன் ஃபைபர் ஸ்பாய்லரை நேரடியாகப் படவிட்டால், ஈரத்தில் இரண்டுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம்தான் கரையும். இரண்டும் எங்கும் ஒன்றையொன்று தொடாமல் ரப்பரோ டேப்போ இடையில் இருக்க வேண்டும்.

டிக்கி தானாக இறங்குகிறது, அல்லது கண்ணாடியில் இடிக்கிறது

திறந்து விட்ட டிக்கி மெதுவாகத் தலையில் இறங்கினால், ஸ்பாய்லரின் எடையைத் தராசில் வைத்துப் பாருங்கள். கீலிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி, விளிம்பில் உட்காரும் இரண்டு கிலோ, கீலின் மீது சுமார் 18 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையைச் சேர்க்கிறது. டிக்கியைத் தூக்கி நிறுத்தும் வாயுத் தண்டான கேஸ் ஸ்ட்ரட் கீலுக்கு வெகு அருகில் நின்று தள்ளுவதால், அதே திருப்புவிசையை ஈடுசெய்ய அதற்குப் பன்மடங்கு விசை வேண்டும். காரில் உள்ள ஸ்ட்ரட்டின் உடம்பில் நியூட்டன் அளவு அச்சிட்டிருக்கும். அதே நீளத்தில் அடுத்த அளவைப் போடுங்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மிகப் பெரிய அளவைப் போட்டால் டிக்கி மூட மறுத்து, கீலை வளைக்கும். ஒரு கிலோவுக்கும் குறைவான ஸ்பாய்லருக்கே டிக்கி இறங்குகிறதென்றால் ஸ்ட்ரட்டின் வாயு ஏற்கெனவே போய்விட்டது.

பின்கண்ணாடியில் இடிக்கும் சிக்கல் முன்னோக்கி நகர்த்தி ஒட்டிய ஸ்பாய்லர்களுக்கே வரும். ஒட்டும் முன் டிக்கியை முழுவதும் திறந்து பார்க்காமல் விட்டதன் விளைவு அது. பின்னோக்கி மாற்றி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பிரேக் விளக்கு

ஸ்பாய்லருக்குள் எல்.இ.டி. விளக்கு இருந்து, அது சிலநேரம் எரிந்து சிலநேரம் அணைந்தால், விளக்கைக் குறை சொல்லும் முன் டிக்கி கீலை ஒட்டிச் செல்லும் வயரைப் பாருங்கள். டிக்கியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது மடங்கி நிமிர்வதால், உறை நன்றாக இருந்தும் உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கும். டிக்கியை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக்கொண்டே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொன்னால் குறை வெளிப்பட்டுவிடும். காரின் சொந்த மூன்றாவது பிரேக் விளக்கை ஸ்பாய்லர் மறைக்குமானால், பின்னால் லாரி ஓட்டுநரின் கண் உயரத்திலும் பைக்காரரின் கண் உயரத்திலும் நின்று பாருங்கள். அது தெரியவில்லையென்றால் அந்த ஸ்பாய்லர் உங்கள் காருக்கு வேண்டாம்.

பெயிண்ட் வெடிப்பும் நிற வேறுபாடும்

ஃபைபர் ஸ்பாய்லரில் சிலந்தி வலை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் அவை போல்ட் இருக்கும் இடத்தில் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். அங்கே தொடங்கினால் இடைவெளியை போல்ட்டின் முறுக்கால் மூட முயன்றிருக்கிறார்கள். மேலே பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த வெயிலில் மீண்டும் வரும். சிறு சிறு ஊசித்துளைகள் என்றால் வார்ப்பிலேயே காற்றுக்குமிழிகள் தங்கியிருந்தன. மெட்டாலிக் நிறங்களில் டிக்கிக்கும் ஸ்பாய்லருக்கும் நிறம் ஒட்டாமல் தெரிவது, தனியே தொங்கவிட்டுப் பெயிண்ட் அடிக்கும்போது உலோகத் துகள்கள் வேறு சாய்வில் படிவதால். ஸ்பாய்லரை டிக்கியில் அமரும் அதே சாய்வில் ஸ்டாண்டில் வைத்து அடித்தால் வேறுபாடு பெரிதும் குறையும்.

ஸ்பாய்லர் வைத்தபின்னும் பின்பக்கம் மிதக்கிறது

இந்தப் புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது டயரின் காற்று, வீல் அலைன்மென்ட், பின் ஷாக் அப்சார்பர். மேலே சொன்ன 22 நியூட்டன் கணக்கை நினைவில் வைத்தால் காரணம் விளங்கும். தாழ்ந்து சரியும் கூரையைத் தழுவி வரும் காற்று வளைவில் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைந்து, காரின் பின்பக்கத்தை மேலே இழுக்கிறது. சிறிய ஸ்பாய்லர் அந்தக் காற்றை விளிம்பில் தெளிவாகப் பிரித்துவிட்டு, தனக்கு முன்னுள்ள டிக்கிப் பரப்பில் அழுத்தத்தைச் சற்றே கூட்டுகிறது. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நம் சாலை வேகங்களில் அதன் பயன் மிகச் சிறிது.

அதிவேகத்தில் அதே சிறு துண்டு எவ்வளவு பெரிய பொருளாகிறது என்பதற்கு ஆடி டி.டி. சான்று. 1998இல் வந்த முதல் தலைமுறைக் கார் பின்னால் ஸ்பாய்லர் இல்லாத உருண்டை வடிவில் இருந்தது. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், திடீரென்று வழித்தடம் மாறும்போதும் திருப்பங்களிலும் விபத்துகள் நேர்ந்தன. 1999இன் இறுதியிலும் 2000இலும் நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, டிக்கியில் சிறிய ஸ்பாய்லரைச் சேர்த்தது. அதோடு சஸ்பென்ஷனை மாற்றியது, மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டையும் கொடுத்தது. அங்கேயும் ஸ்பாய்லர் தனியாக விடப்படவில்லை. 1972இல் வெளிவந்த போர்ஷே 911 கரெரா ஆர்.எஸ். 2.7 காரின் வாத்து வால் போன்ற புகழ்பெற்ற ஸ்பாய்லரும் முன்பக்கத்து தாழ்ந்த ஸ்பாய்லரோடு இணைந்தே வேலை செய்தது. பின்னால் மட்டும் பெரிய துண்டை வைத்தால் முன் சக்கரங்கள் லேசாகி, ஸ்டீயரிங் காற்றில் அலைவதுபோல் உணர்த்தும். பெரியதை வைத்தபின் அந்த உணர்வு வந்திருந்தால் சிறியதற்கு மாறுங்கள்.

ஸ்பாய்லர் காற்றைத் தொடுகிறதா என்றே ஐயம் இருந்தால், இரண்டு அங்குல நூல் துண்டுகளைப் பின்கண்ணாடியிலும் டிக்கியிலும் வரிசையாக ஒட்டி, இன்னொரு காரிலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நூல்கள் ஸ்பாய்லர் வரை நேராகப் படுத்திருந்தால் காற்று அதை அடைகிறது. கண்ணாடியிலேயே தாறுமாறாகச் சுழன்றால் காற்று முன்பே பிரிந்துவிட்டது. அந்தக் காரில் டிக்கி ஸ்பாய்லர் வெறும் அலங்காரமே. குறுக்குக்காற்றில் கார் தடம் விலகுவது வேறு செய்தி. கணவாயில் காற்று ஓங்கி அடிக்கும் நாளில் எந்த ஸ்பாய்லரும் அதைத் தடுக்காது, வேகத்தைக் குறைப்பதுதான் தடுக்கும்.

எல்லையில் நிறுத்தி மாற்றம் என்று எழுதினால்

வாளையாறிலும் கோபாலபுரத்திலும் கேரள மோட்டார் வாகனத் துறையினர் கார் மாற்றங்களைக் கூர்ந்து பார்ப்பதால் இதையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களோடு பதிவுச் சான்று முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆகவே கார் நிறுவனமே அந்த மாடலுக்கென்று விற்கும் ஸ்பாய்லரையே தேர்ந்தெடுத்து, பாக எண் தெரியும் பில்லை வண்டியிலேயே வைத்திருங்கள். பொருத்தும் முன் உங்கள் பதிவு எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே எழுத்தில் கேட்டு, பதிலையும் அதே உறையில் வையுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். உடலை விட்டு வெளியே நீளும், விளிம்பு கூரான துண்டுகளை எந்த பில்லும் காப்பாற்றாது. ஏற்கெனவே நோட்டீஸ் வாங்கியவர்களுக்கு டேப்பில் ஒட்டிய ஸ்பாய்லர் என்றால் வேலை எளிது: தூண்டில் நரம்பால் அறுத்தெடுத்து, பெயிண்டைச் சுத்தம் செய்து, வண்டியைக் காட்டிவிட்டு வரலாம். துளையிட்டவர்கள் துளையை வெல்டு வைத்து மூடி, டிக்கி முழுவதற்கும் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும். சிறிய ஸ்பாய்லர் கேட்டு வருபவர்களிடம் டிரில்லை எடுக்காமல் டேப்பையே நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.